வீடும் பேறும்

விடு என்பது பற்றியதொன்றை நெகிழ்த்தலை உணர்த்தும் பகுதி. அம்பு விடுதலும், மடை திறந்து வயலுக்கு நீர் விடுதலும், தூது விடுதலும், அடைந்தாரைக் கைவிடுதலும் இவ்வொரு சொல்லானே வழங்கப்படும். வழிச்செல்வோர் தங்குமிடம் விடுதி. சென்றுவர அளிக்கும் இசைவு விடை. எனவே விடுதல் தன்னளவிற் புகழும் அன்று, பழியும் அன்று. எதனை விடுதல், எதன்பொருட்டு விடுதல் என்பவற்றானே அவை பிறக்கும்.

இதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர் வீடு. உறைவிடத்திற்கு இல், மனை என்பனவே பண்டு பெருவழக்கின. பின்னர் வீடு என்பதும் அப்பொருட்டாயிற்று. ஆகவே துறப்போன் விட்டுச் செல்லும் இல்லமும், அவன் நாடிச் செல்லும் முத்தியும் ஒரு பெயர் பெற்றன.

இவ்விரு பொருளும் ஒருவர் வரலாற்றில் இயையக் காணும் ஊர், தாமிரபரணி பாயும் நெல்லைச் சீமையிற் கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடை. அங்கு 1887 செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்த குப்புசாமி, மலேயாவில் மருத்துவராய்ப் பணிபுரிந்து, 1923இல் அதனை நீத்தார். 1924இல் இருடிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்த சரசுவதி எனப்பட்டார். வருவாயை விட்டவர் மருத்துவத்தை விட்டாரல்லர். யாத்திரிகர்க்கும் துறவிகட்கும் மருந்தளித்து, 1927இல் இலட்சுமணசூலாவில் அறமருந்தகமும் நடத்தினார், 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் நிறுவினார், 1963இல் சமாதியுற்றார். அவர் நெறி சங்கர வேதாந்தம், சித்தாந்தத்தின் வேறாயது. ஆயினும் துறவு என்பது துன்புறுவாரைக் கைவிடுதல் அன்று என்பதற்கு அவர் வாழ்வு தக்க சான்றாம்.

இனி, விட்டபின் உயிர் எதனைப் பற்றும் என்பது சித்தாந்த வினா. ஒன்றைச் சார்ந்து அதன் வண்ணமாய் நிற்பதே உயிரின் இயல்பு. ஆதலின் பாசத்தை விட்ட அளவில் அமையாது. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் பாசநீக்கமும், பதினோராஞ் சூத்திரம் சிவப்பேறும் கூறுதல் இதுபற்றியே. அந்நூற்கு மாபாடியம் அருளி 1785இற் சிவபதம் எய்திய சிவஞான முனிவர் தோன்றிய விக்கிரமசிங்கபுரமும் இப்பொருநைக் கரையதே.

விடு என்பது வீடு என நீண்டாற்போலப் பெறு என்பதும் பேறு என நீளும். இவ்விரண்டும் புணர்ந்த வீடுபேறு என்னும் வழக்கே பொருளை முற்ற உணர்த்துவது. நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாட்டானும் மணிவாசகப் பெருமான் இரந்தது, இறைவன் தம்மை விடாமையையே. பாசத்தை உயிர் விடுதல் வேண்டும்; உயிரை இறைவன் விடாதிருத்தல் வேண்டும். முன்னையது வீடு, பின்னையதனாற் கைகூடுவது பேறு.