தற்காலிகக் குடிகளின் ஊர்

ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரில் சொந்த வீடு உள்ளவர்கள். கோயில் கட்டியவன், கோட்டை கட்டியவன், மில் வைத்தவன், கப்பல் விட்டவன் என்று அந்த வரலாறு போகும். வந்து பாடுபட்டுவிட்டுப் போனவனுக்கு அதில் ஒரு வரி கிடையாது. தூத்துக்குடி விசயத்தில் இது சாதாரண விடுபடல் அல்ல. ஏனென்றால் அந்த ஊரே வந்துபோகிறவர்களின் உழைப்பால் ஆன ஊர்.

நான் அறந்தாங்கிப் பக்கத்துக் காலனிக்காரன். கண்மாய்த் தண்ணியை நம்பி ஒருபோகம், மற்றபடி வானம் பார்த்த பூமி. எங்கள் கடற்கரை கிழக்கே இருக்கிறது: கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல். அங்கே மீன் உண்டு, ஆலை கிடையாது. அதனால் வேலைக்கென்று தூத்துக்குடி போனேன். 1994இலிருந்து 1996 வரை இருந்தேன். ஒரு ஆலைக் கட்டுமானத்தில் கண்டிராக்டரிடம் ஸ்டோர் கணக்கு எழுதினேன். அப்போது அந்த மாவட்டத்துக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பேர்.

அந்த ஊரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவது மூன்று சேதி: முத்து, வ.உ.சி., துறைமுகம். மூன்றும் உண்மைதான். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிக் கத்தோலிக்கத்துக்குப் போனார்கள். 1658இல் டச்சுக்காரன் வந்தான். 1825இல் ஊர் இங்கிலீஷ்காரன் கைக்கு வந்தது. 1876இல் ரயில் வந்தது. கரிசல்காட்டுப் பருத்தி துறைமுகத்துக்கு ஓடிவந்தது. பருத்திக்குப் பின்னாலேயே ஹார்வி கம்பெனியின் கோரல் மில் வந்தது. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமானது. அதையொட்டி ஸ்பிக் உரத் தொழிற்சாலை, கனநீர் ஆலை, அனல்மின் நிலையம் எல்லாம் வரிசையாக வந்தன.

இதில் 1908 பிப்ரவரி 27இல் தொடங்கிய கோரல் மில் வேலைநிறுத்தம் முக்கியமானது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, வார விடுமுறை என்று கேட்டு ஒருவாரத்துக்குமேல் நின்றார்கள், ஜெயித்தார்கள். அடுத்த வாரமே வ.உ.சி. கைதானார். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் இதற்கு முன்வரிசை இடம் உண்டு. சுதேசிக்கு எதிராக நின்ற ஒரு வக்கீலுக்குச் சவரம் பண்ண மறுத்து, பாதியிலேயே நிறுத்திய நாவிதரின் கதையும் அந்த நாட்களைச் சேர்ந்ததுதான். அதைச் சொல்கிற பலபேர் வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஊர்ச்சோற்றை நம்பி வாழ்ந்த ஒரு சேவைச்சாதிக்காரன், ஊரில் செல்வாக்குள்ள ஒருவரின் முகத்துக்கு நேரே கத்தியைக் கீழே வைப்பது வேடிக்கையா? அது அவனளவில் ஒரு வேலைநிறுத்தம்.

அதே காலத்தில், 1907 ஜூனில், சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். சாதியை விடாத சுதேசியம் யாருக்கான சுதேசியம் என்று விடாமல் கேட்டார். அந்தக் கேள்வி தொண்ணூறு வருசம் புதைந்துகிடந்தது. 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து அவர் எழுத்துக்கள் தொகுதிகளாக வந்தபிறகுதான் நம்மில் பலருக்குப் படிக்கக் கிடைத்தது. தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை ஒரு மணிநேர பஸ். சுதேசிக் கப்பல் விட்ட ஊரும், சுதேசியத்தைக் கேள்விகேட்ட எழுத்து திரும்பி வந்த ஊரும் அவ்வளவு பக்கம்.

சுதேசிக் கப்பல் 1906இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடவந்த கதையைச் சொல்கிறோம். அதே கடல்பாதையில் அதே காலத்தில் போய்க்கொண்டிருந்த சனங்களைச் சொல்வதில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் திருச்சி, தஞ்சை, மதுரை, ராமநாதபுரம், சேலம் சீமைகளிலிருந்தும் புதுக்கோட்டை சமஸ்தானத்திலிருந்தும் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். கங்காணி முன்பணம் கொடுப்பான். அந்தக் கடனை எழுதிய காகிதத்துக்குத் 'துண்டு' என்று பேர். கடன் தீராமல் தோட்டத்தைவிட்டு நகரமுடியாது. 1921இல்தான் துண்டுமுறை ஒழிந்தது. மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி வரும் ரயில்பாதையில் தட்டப்பாறை என்று ஒரு ஸ்டேஷன். கொள்ளைநோய்ப் பயத்தால் கூலிகளை அடைத்துவைத்துச் சோதித்த முகாம் அங்கே இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று எண் அடித்த தகரவில்லையைக் கழுத்தில் கட்டினார்கள். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் பாதை திறந்ததும் கூட்டம் மண்டபம் பக்கம் திரும்பியது.

எங்கள் அப்பாயி சொல்லும்: "எங்கப்பன் தூத்துக்குடிக் கப்பல்ல போனாருடா. மாட்டுக்குக் கட்டுறாப்புல கழுத்துல தகரத்தக் கட்டி ஏத்துனாங்களாம். போனவரு போனவருதான்." அது வெறும் பேச்சல்ல என்று எனக்குத் தட்டப்பாறை ஸ்டேஷன் பலகையைப் பார்த்தபோது உறைத்தது. 1948இல் இலங்கை அந்தச் சனங்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று கணக்குப் போட்டது. நாலு தலைமுறை தேயிலையை வளர்த்தவர்கள் இரண்டு நாட்டுக்கும் தற்காலிகக் குடிகள்!

இனி ஆலைக்கு வருகிறேன். நான் வேலைசெய்த இடத்தில் கேட் பாஸ் இரண்டு தினுசு. நிரந்தர ஆளுக்கு அட்டை, கண்டிராக்ட் ஆளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற காகிதம். 1970இலேயே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. அதன் பேரிலேயே 'ஒழிப்பு' என்ற வார்த்தை இருக்கிறது. காகிதப் பாஸில் இருந்தவர்கள் ஊர்ஊராக வந்தவர்கள். மூட்டை தூக்க, கொதிகலன் கசடு வழிக்க, கக்கூஸ் அடைப்பு எடுக்க. யார் யார் என்று நான் சாதிக் கணக்கு எடுக்கவில்லை, எடுக்கத் தேவையும் இல்லை. சாப்பாட்டு வேளையில் யார் எந்த மரத்தடியில் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தாலே போதும்.

உப்பளம் இன்னும் பழைய கதை. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. தை, மாசியில் பாத்தி மிதித்துக் கெட்டிப்படுத்துவதில் தொடங்கிப் புரட்டாசி வரை வேலை. வாருபலகையால் உப்பை வாரிக் குவித்து, தலைச்சுமையாகச் சுமந்து அம்பாரம் போடவேண்டும். வடகிழக்கு மழை விழுந்தால் வேலை கிடையாது, வட்டிக்கடன்தான். மழைக்கால நிவாரணம் ஐயாயிரம் ரூபாய் என்று அரசு அறிவித்ததே வெகு தாமதமாகத்தான். நான் குடியிருந்த தெருவில் ஒரு அம்மா விடியுமுன் கிளம்பிப்போவார். கேட்டேன், "ஏம்மா, இருட்டுலயே போறிய?" "வெயிலு ஏறிட்டா உப்பு வெளிச்சம் கண்ணக் குத்தும் தம்பி. வெள்ளென வாரிட்டா கண்ணு மிஞ்சும்." காந்தி உப்பு எடுத்ததை உலகமே அறியும். உப்பு யார் கண்ணை எடுத்தது என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

வாடகைக்கு வீடு தேடியது தனி அத்தியாயம். "எந்த ஊரு?" "அறந்தாங்கி." "அறந்தாங்கில எந்தப் பக்கம்?" என்பார்கள். ஊர்ப்பேர் போதாது, தெரு வேண்டும், தெருவும் போதாது, "நீங்க என்ன ஆளுக?" என்று வந்து நிற்கும். துறைமுகப் பட்டணம், நாலு கடல் கப்பலும் வருகிற ஊர், ஆலைக்காரன் கூப்பிட்டு வேலை தருகிறான். வீட்டுக்காரன் கூப்பிட்டு இடம் தரமாட்டான். நகரத்துக்குப் போனால் சாதி கரையும் என்று சொன்னவர்கள் வாடகைவீடு தேடிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளம் நடந்தது. நூற்றுக்கணக்கான போலீஸ் பட்டப்பகலில் ஊருக்குள் புகுந்து வீடுகளை உடைத்தது. கிணற்றில் விஷத்தைக் கொட்டினார்கள் என்று ஊரார் சொன்னார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து எழுந்த பள்ளர் ஊர் அது. டிவி, பீரோவோடு பாஸ்போர்ட்டையும் படிப்புச் சர்டிபிகேட்டையும் அழித்தார்கள். இதை நாம் கூர்ந்து கவனிக்கவேண்டும். அப்பாயியின் அப்பனுக்குக் கழுத்தில் தகரம், கையில் துண்டு. எங்களுக்குக் காகிதப் பாஸ். இவையெல்லாம் அடுத்தவன் நமக்குக் கட்டியது. பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட்டும் நம்ம சனம் தானாகச் சம்பாதித்த காகிதம். அதைத் தேடிப்பிடித்து அழித்தது தற்செயலா? அந்த மாதங்களில் எங்கள் சைட்டில் அடையாளம் தெரிந்த பையன்கள் பலர் பாஸைப் புதுப்பிக்காமலே ஊர் திரும்பினார்கள்.

தட்டப்பாறைக்கு அடுத்த ஸ்டேஷன் மீளவிட்டான். அந்தப் பகுதியில்தான் ஸ்டெர்லைட் தாமிர ஆலை வந்தது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் விவசாயிகள் விரட்டிய ஆலை. 1996இலேயே மீனவர்கள் படகோடு கடலில் இறங்கி எதிர்த்தார்கள். 2018 மே 22இல், போராட்டத்தின் நூறாவது நாளில், போலீஸ் சுட்டது. அதில் பதின்மூன்று பேர் செத்தார்கள். ஆலை மூடப்பட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022இல் வந்தது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அந்தப் போராட்டத்தில் கடற்கரையும் கிராமமும் நகரமும் சேர்ந்து நின்றன, அது பெரிய விசயம். ஆனால் ஆலை மூடினால் நட்டஈடு கேட்கத் தாளில்லாதவன் ஒப்பந்தக்காரன், ஆலை திறந்திருந்தால் முதலில் புகையைக் குடிப்பவனும் அவனே. இரண்டு தரப்பும் அவனுக்காகப் பேசுவதாகச் சொன்னது, அவன் பேசியது எங்கே பதிவாகியிருக்கிறது?

தூத்துக்குடியை முத்தால் எழுதலாம், கப்பலால் எழுதலாம், தகரவில்லையாலும் எழுதலாம். அந்த மூன்றாவது வரலாற்றின் ஆவணங்கள் ஆவணக்காப்பகத்தில் மட்டும் இல்லை. அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், திருமயம் பக்கத்துச் சேரிகளில் டிரங்குப்பெட்டிக்கு அடியில் கிடக்கின்றன: தோட்டத்துச் சீட்டு, கப்பல் டிக்கெட், மண்டபம் கேம்ப் காகிதம், காலாவதியான கேட் பாஸ். படிக்கிற தம்பி தங்கச்சிகள் முதலில் சொந்த வீட்டுப் பெட்டியைத் திறக்கட்டும். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். எங்கள் அப்பாயி செத்து வெகுகாலமாகிறது. அவர் அப்பன் எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பதை அந்தத் தகரம்தான் சொல்லியிருக்கும். அது எங்கள் கையில் இல்லை.