சனிக்கிழமைக் கூட்டமும் வழக்கறிஞரின் தொடர்கல்வியும்

சட்டப் பட்டம் பெற்றுத் தொழிலில் இறங்கிவிட்ட வழக்கறிஞர், புதிய சட்டங்களையும் தீர்ப்புகளையும் தொடர்ந்து பயில்வது தொடர்சட்டக் கல்வி எனப்படும். அமெரிக்காவின் மின்னசோட்டா, அயோவா மாநிலங்கள் 1975இல் இதனைக் கட்டாயமாக்கின. சென்னை மாகாணத்திலோ அதற்கு 87 ஆண்டுகளுக்கு முன்பே, எவருடைய ஆணையும் இன்றி, வழக்கறிஞர்களே இதனை ஒரு வழக்கமாக்கிக்கொண்டிருந்தனர்.

1888 முதல், மயிலாப்பூரில் வழக்கறிஞர் எஸ். சுப்பிரமணிய ஐயரின் இல்லத்தில் சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு முன்னணி வக்கீல்கள், அதாவது இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆகாமல் இந்நாட்டிலேயே பயின்று வாதாடியவர்கள், கூடி அண்மைத் தீர்ப்புகளை அலசினர். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் 1876 முதல் அரசின் சட்ட அறிக்கை வரிசையில் வெளிவந்துகொண்டிருந்தபோதிலும், அவற்றின் நியாயத்தை ஆராய்வதற்கு ஓர் ஏடு வேண்டியிருந்தமையால், அக்கூட்டத்திலிருந்தே 1891இல் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ பிறந்தது. மயிலாப்பூரில் நடந்த விவாதத்தில் பங்குகொள்ள இயலாத வெளியூர் வக்கீலும் அதன் பயனை அடைய இவ்விதழ் வழிசெய்தது.

ஊர்ப்புற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞருக்குச் சீனியரின் அலுவலகமே நெடுங்காலம் பள்ளியாக இருந்தது. வழக்குக் கட்டைப் படித்துக் குறிப்பெடுப்பதையும், பிராது வரைவதையும், முன்தீர்ப்பு தேடுவதையும் ஜூனியர் அங்கேதான் கற்றார். ஆகவே அவருடைய கல்வியின் தரம், வாய்த்த சீனியரின் புலமையையும் அவரது அலமாரியிலிருந்த சட்ட இதழ்களையும் பொறுத்தே அமைந்தது.

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவின் வழியாக, கருத்தரங்கு நடத்துவதையும் சட்ட இதழ் வெளியிடுவதையும் மாநில பார் கவுன்சிலின் பணிகளில் ஒன்றாக்கியது. எனினும் வழக்கறிஞர் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பயின்றாக வேண்டும் என்று அது விதிக்கவில்லை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்துக்கும், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்கும், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் மாற்றாக 2024 ஜூலை 1 அன்று மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாண்டு அனுபவமுள்ள சீனியரும் நேற்றுப் பதிவுசெய்த ஜூனியரும் ஒருசேர மாணவராயினர். சீனியரிடம் கேட்டறியும் பழைய வழி மட்டும் போதாமற்போன அந்நிலையில், மயிலாப்பூர் வக்கீல்கள் மேற்கொண்ட கூட்டுப் பயிற்சி மாவட்டந்தோறும் வழக்கறிஞர் சங்கங்களின் கடமையாகிறது.