பண்பலை அலைக்கற்றை மறு ஒதுக்கீடு (பிரிட்டன்)

காவல், தீயணைப்பு முதலிய நடமாடும் வானொலிச் சேவைகள் பயன்படுத்திவந்த அலைவரிசைகளை விடுவித்து, பண்பலை ஒலிபரப்புக்கு வழங்கிய நடவடிக்கை. இது மிகு உயர் அதிர்வெண் வரம்பின் இரண்டாம் பட்டையைச் சார்ந்தது.

பின்னணி: ஐரோப்பியப் பண்பலை ஒலிபரப்பு 1961ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் திட்டப்படி 87.5–100 மெகாஹெர்ட்ஸ் வரம்பில் அமைந்தது. பிரிட்டனில் அதன் மேற்பகுதியையும் அதற்கு மேலுள்ள அலைவரிசைகளையும் அவசரப் பணிகளின் வாகன வானொலிகள் பயன்படுத்தின. ஜெனீவாவில் நடந்த 1979ஆம் ஆண்டு உலக வானொலி நிர்வாக மாநாடு இவ்வரம்பை 108 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டித்தது. நிலையங்களுக்கான அலைவரிசைகளை 1984ஆம் ஆண்டு ஜெனீவா திட்டம் வகுத்தது. அது 1987 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

செயல்முறை: ஒலிபரப்பிகள் மிகுந்த திறனுடன் இயங்குவதால், ஒரே பகுதியில் இரு சேவைகளும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்தால் குறுக்கீடு நேரும். ஆகவே பழைய பயனர்களை வேறு பட்டைகளுக்கு மாற்றி, கருவிகளையும் புதுப்பித்த பின்னரே ஒலிபரப்பு படிப்படியாகத் தொடங்கியது.

விளைவு: பிபிசி வானொலி 1 தனக்கெனத் தேசியப் பண்பலை வரிசையைப் பெற்றது. நாட்டின் முதல் தேசிய வணிக வானொலியான கிளாசிக் எஃப்எம், 100–102 மெகாஹெர்ட்ஸ் வரம்பில் 1992 செப்டம்பர் 7 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது.