பன்னேர்கட்டா பெருமாளும் தமிழ்க் கல்வெட்டும்

ஆனேக்கல் தாலுகாவில் உள்ள பன்னேர்கட்டா என்றால் நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குப் புலியும் சஃபாரி பஸ்ஸும்தான். அதே ஊரில் சம்பகதாம சுவாமி என்ற பெருமாள் கோயில் இருப்பது பெங்களூர்த் தமிழர்கள் பலருக்குத் தெரியாது.

பரீட்சித்து மகன் ஜனமேஜயன் குஷ்டத்தால் அவதிப்பட்டு, இங்கே சுவர்ணமுகிக் குளத்தில் குளித்துக் குணமானான் என்பது தலபுராணம். சர்ப்பயாகம் செய்த பாவமாம்! இன்றும் தோல் நோய் தீரக் குளிக்க வருகிறார்கள். வரட்டும், மருந்தையும் விடாமல் சாப்பிட்டால் சரி.

எனக்குப் பெரிதாகப் பட்டது கல்வெட்டு. 1257-ஆம் ஆண்டு, தமிழில்! பெருமாள் பெயர் அதில் தாமோதரப் பெருமாள். பூர்வாதிராயர் என்ற சிற்றரசர் பெயரும் வருகிறது. ஹொய்சள விஷ்ணுவர்தனன் 1116-லேயே சோழரிடமிருந்து தலக்காட்டைப் பிடித்துவிட்டான். அதற்கு 141 வருஷம் கழித்தும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறார்கள். காரணம் புரிகிறது: சோழர் ஆட்சியில் நூறு வருஷத்துக்கு மேல் ஓலையும் கணக்கும் தமிழில் நடந்த பகுதி. 1250-களில் ஹொய்சள ராஜ்யம் பிரிந்தபோது தமிழ்ப் பக்கம் ராமநாதனுக்குப் போனது.

"நீங்க ஐடி வேலைக்கு வந்தவங்கதானே?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம். ஊரே எங்களுடையது என்று கிளம்ப வேண்டாம். பாங்க்காரன் கண்ணுக்கு இது பட்டா இல்லை, பழைய வரவுப் பதிவு. அவ்வளவுதான்.

போகிறவர்கள் பின்னால் இருக்கும் குன்றில் லக்ஷ்மி நரசிம்மரையும் சேவித்துவிட்டு வாருங்கள். படி ஏற வேண்டும்.