அண்டை வீட்டாரின் ஆடுகளம்

விளையாட்டு என்னும் சொல்லைத் தமிழர் இருவகையாக வழங்குவர். ஆடுகளத்தில் நிகழ்வதும் விளையாட்டு. பொருட்படுத்தத் தகாததும் விளையாட்டு. "விளையாட்டாகச் சொன்னேன்" என்று ஒருவர் கூறினால், அதனை மனத்திற் கொள்ள வேண்டா என்பதே கருத்து. ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பலர் கொண்டுள்ள எண்ணம் இந்த இரண்டாம் பொருளையே சார்ந்திருக்கிறது. உலகச் சாதனைகள் அங்கு அரிதினும் அரிது. போட்டியை நடத்தும் நாடே பதக்கங்களை வாரிக்கொள்கிறது. இதனைக் காண்பதற்குக் காலத்தையும் நடத்துவதற்குப் பொருளையும் செலவிடுதல் தகுமோ என்பது அவர்தம் வினா. 2027ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும் பொறுப்பை மலேசியா ஏற்றுக்கொண்டுள்ள இவ்வேளையில் அவ்வினாவைப் புறந்தள்ளுதல் முறையன்று. அதற்குரிய விடையை வரலாற்றில் தேடுவதே தக்கது.

தோற்றம்

1958ஆம் ஆண்டு மே மாதத்தில் தோக்கியோ நகரில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. ஜப்பான் 67 தங்கங்களைக் குவித்தது. சிறிய நாடுகளிலிருந்து சென்றோர் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்போராகவே நிற்க நேர்ந்தது. அந்நகரிலேயே, மே 22ஆம் நாள், தாய்லாந்து ஒலிம்பிக் குழுவின் துணைத்தலைவர் லுவாங் சுக்கும் நயப்பிரடித் முன்வைத்த கருத்துக்கு அண்டை நாட்டினர் இசைந்தனர். தென்கிழக்காசியத் தீவகற்பத்து நாடுகள் தமக்குள் ஒரு போட்டியை வகுத்துக்கொண்டால் நட்புறவு வளரும். ஆசிய அரங்கிலும் ஒலிம்பிக் அரங்கிலும் நிற்பதற்குரிய ஆற்றலும் பெருகும் என்பதே அக்கருத்து.

அதன்படி 1959ஆம் ஆண்டு டிசம்பர் 12 முதல் 17 வரை பாங்காக்கில் முதற்போட்டி நிகழ்ந்தது. தாய்லாந்து, பர்மா, மலாயா, சிங்கப்பூர், லாவோஸ், தென்வியட்நாம் ஆகியவற்றிலிருந்து வீரரும் அதிகாரிகளுமாக 527 பேர் 12 விளையாட்டுகளில் கலந்துகொண்டனர். அமைப்பின் தொடக்க நாடுகளுள் ஒன்றான கம்போடியா அப்போட்டிக்கு வரவில்லை. இந்த ஒரு செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். பின்னர் அது பயன்படும்.

பாங்காக்கை அடுத்து 1961இல் ரங்கூன் இப்போட்டியை நடத்தியது. 1963இல் நடத்த வேண்டியிருந்தது கம்போடியா. உள்நாட்டுச் சிக்கல்களாலும் பிறவற்றாலும் அது கைவிடப்பட்டது. ஆகவே மூன்றாவது போட்டி 1965 டிசம்பரில் கோலாலம்பூருக்கு வந்தது.

1965: கோலாலம்பூர்

அந்த ஆண்டின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடாயிற்று. இந்தோனேசியாவுடனான மோதல் இன்னும் ஓயவில்லை. பிரிவின் வடு ஆறாத நான்காம் மாதத்தில் இரு நாட்டு இளைஞரும் ஒரே தடத்தில் அருகருகே நின்றனர். 1957இல் விடுதலை முழக்கம் ஒலித்த மெர்டேக்கா அரங்கம் அதற்குக் களமாயிற்று.

அப்போட்டியில் தங்கங்களை வென்றவர் மருத்துவ மாணவராயிருந்து மருத்துவராக உயர்ந்த மணி ஜெகதீசன். அடுத்த ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் அவர் தங்கம் பெற்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை முன்னேறி 20.92 நொடியில் ஓடினார். அந்நேரம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், 2017 வரை, மலேசியச் சாதனையாக நிலைத்தது.

பேராக் மாநிலத்தின் தாப்பாவைச் சேர்ந்த எம். இராஜமணியும் அதே 1965இல் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவரே. அவரும் அடுத்த ஆண்டு ஆசியப் போட்டியில் அதே ஓட்டத்தில் வாகை சூடினார். நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருது முதன்முதலாக 1966இல் வழங்கப்பட்டபோது, ஆடவருள் ஜெகதீசனும் மகளிருள் இராஜமணியும் அதனைப் பெற்றனர். தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனுக்கு இச்செய்தி எத்தகைய ஊக்கத்தை அளித்திருக்கும் என்பதைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை. தன் பெயரைப் போன்றதொரு பெயர் நாட்டின் கொடியோடு சேர்த்து உச்சரிக்கப்படுவதை அவன் கேட்டான்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆசிய வெற்றிக்கு முன்னே அண்டை நாட்டு வெற்றி அமைந்தது. உயரமான மாடிக்கு ஏற விரும்புவோன் முதற்படியை இகழ்வதில்லை.

ஆசிரியர் ஓடிய தடம்

சிங்கப்பூரின் சி. குணாளன் பள்ளி ஆசிரியர். பந்தாடிக்கொண்டிருந்த அவருடைய வேகத்தைக் கண்ட பயிற்சியாளர் டான் எங் யூன் அவரை ஓட்டத்தின்பால் திருப்பினார். இருபது வயதைக் கடந்தபின் விரைவோட்டம் பயிலத் தொடங்கிய அவர், 1966 ஆசியப் போட்டியில் 100 மீட்டரில் வெள்ளி பெற்றார். மெக்சிகோவில் 100 மீட்டரை 10.38 நொடியில் கடந்தார். அச்சாதனையை 33 ஆண்டுகள் எவராலும் வெல்ல இயலவில்லை. 2001இல் கோலாலம்பூர்த் தென்கிழக்காசியப் போட்டியில் யு.கே. ஷியாம் 10.37 நொடியில் ஓடி அதனை முறியடித்தார். நொடியின் நூற்றில் ஒரு பங்கைக் குறைப்பதற்கு ஒரு தலைமுறையே தேவைப்பட்டது. அது நிகழ்ந்த களம் உலகோர் பொருட்படுத்தாத இந்தப் போட்டியே.

1973இல் சிங்கப்பூர் முதன்முறையாக இப்போட்டியை நடத்தியது. காலாங் பகுதியில் புதிதாக எழுந்த தேசிய அரங்கில் மகளிர் 200 மீட்டர் இறுதியோட்டம் நடந்தது. பர்மாவின் தான் தானும் சிங்கப்பூர் ஆசிரியை குளோரி பர்னபாசும் எல்லைக்கோட்டை ஒருசேரக் கடந்தனர் என்றே கண்டோர் எண்ணினர். நிழற்படத்தை ஆராய்ந்தபின் பர்னபாசே வென்றார் என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் 42 ஆண்டுகள் அவ்வோட்டத்தில் சிங்கப்பூர் மகளிர் எவரும் தங்கம் பெறவில்லை. 2015இல், பழைய அரங்கம் இடிக்கப்பட்டு அங்கேயே கட்டப்பட்ட புதிய அரங்கில், சாந்தி பெரேரா அதனை மீட்டார். அவரே 2023இல் புனோம்பென்னில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வென்று, அதே ஆண்டு ஆசியப் போட்டியின் 200 மீட்டரிலும் தங்கம் சூடினார்.

பகையும் உறவும்

விளையாட்டு நாடுகளை இணைக்கும் என்பது மேடைகளில் எளிதாகச் சொல்லப்படும் சொல். அது எந்த அளவுக்கு உண்மை என்பதை இப்போட்டியின் வரலாறு காட்டும். 1975 ஏப்ரலில் புனோம்பென்னும் சைகோனும் வீழ்ந்தன. அவ்வாண்டு டிசம்பரில் பாங்காக்கில் கூடியவை நான்கே நாடுகள்: தாய்லாந்து, பர்மா, மலேசியா, சிங்கப்பூர். போட்டியின் வாழ்வே ஐயத்துக்குரியதாயிற்று.

1977இல் கோலாலம்பூரில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புரூணை ஆகியவை இணைந்தன. தீபகற்பத்து நாடுகளின் போட்டி என்னும் பழைய பெயர் நீங்கித் தென்கிழக்காசியப் போட்டி என்னும் பெயர் நிலைபெற்றது. 1966 வரை மலேசியாவுடன் மோதிய இந்தோனேசியா, வந்த முதலாண்டிலேயே கோலாலம்பூரில் பதக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றது. காற்பந்தில் மலேசியா தங்கம் வென்றது. இலக்குக் காவலர் ஆர். ஆறுமுகத்தின் பெயர் இல்லந்தோறும் ஒலித்தது. 1989இல் வியட்நாம் மீண்டும் வந்தது. அவ்வரவேற்பும் கோலாலம்பூரிலேயே நிகழ்ந்தது.

எனினும் விளையாட்டுக்குப் போரைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்று கூறினால் அது பொய்யுரையாகும். 2025 டிசம்பரில் தாய்லாந்து 33ஆவது போட்டியை நடத்தியபோது, எல்லை மோதலின் காரணமாகக் கம்போடியா தன் வீரர் அனைவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது. 66 ஆண்டுகளுக்கு முன் பாங்காக்கில் வெறுமையாயிருந்த அதே இடம் மீண்டும் வெறுமையாயிற்று. போட்டி நட்பை உண்டாக்கிவிடுவதில்லை. நட்பு திரும்பும்போது வந்து அமர்வதற்கு ஓர் இருக்கையை வைத்துக் காத்திருக்கிறது. அதுவும் சிறிய தொண்டன்று.

குறைகளை மறைத்தல் ஆகாது

இப்போட்டியைப் பழிப்போர் கூறுவனவற்றுள் உண்மை உண்டு. மலேசியா 2015இல் சிங்கப்பூரில் 62 தங்கங்களைப் பெற்றது; தானே நடத்திய 2017இல் 145 தங்கங்களைப் பெற்றது. ஈராண்டில் ஒரு நாட்டின் ஆற்றல் இருமடங்குக்கு மேல் வளர்ந்துவிடாது. வியட்நாம் 2022 மேயில் ஹனோயில் நடத்தியபோது அது பெற்ற தங்கங்கள் 205. நடத்தும் நாடு தனக்கு ஏற்ற விளையாட்டுகளைச் சேர்ப்பதும் பிறர்க்கு ஏற்றவற்றை விலக்குவதும் வழக்கமாகிவிட்டன. 2013இல் மியன்மார் தன் மரபு விளையாட்டாகிய சின்லோனைச் சேர்த்தது. 2023இல் கம்போடியா தாய்லாந்தின் குத்துச்சண்டை முறையை நீக்கித் தன் 'குன் குமர்' முறையை வைத்தது. தாய்லாந்து அதில் பங்கேற்க மறுத்தது.

கவனக்குறைவாலும் மனவேறுபாடு எழுந்ததுண்டு. 2017இல் கோலாலம்பூர்ப் போட்டியின் நினைவேட்டில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாயிற்று. மலேசியா மன்னிப்புக் கேட்டது. 2011இல் ஜகார்த்தாவில் மலேசியாவும் இந்தோனேசியாவும் மோதிய காற்பந்து இறுதியாட்டத்தின்போது ஏற்பட்ட நெரிசலில் இரசிகர் இருவர் உயிரிழந்தனர். பதக்கப் பட்டியலை நாட்டுப்பற்றின் அளவுகோலாகக் கொள்வதன் விளைவுகள் இவை. பட்டியலைக் காண்பதற்காகவே போட்டியைப் பார்ப்போர்க்கு ஏமாற்றமே மிஞ்சும்.

காண்பதன் இன்பம்

அங்ஙனமாயின் எதனைக் காண்பது? முதலாவதாக, உலகின் பிற அரங்குகளில் எளிதிற் காணக்கிடைக்காத ஆட்டங்களைக் காணலாம். 1965 முதல் இப்போட்டியில் இடம்பெற்றுவரும் செப்பாக் தக்ராவ் அவற்றுள் தலையாயது. பின்னப்பட்ட பந்தைக் கையால் தொடாது காலாலும் தலையாலும் வலைக்கு மேல் செலுத்தும் ஆட்டம் அது. அந்தரத்தில் உடலைச் சுழற்றிப் பந்தை உதைத்து வீழ்த்தும் காட்சி எந்த உலகப் போட்டிக்கும் குறைந்ததன்று. அதன் பெயரில் முதற்சொல் மலாய்; இரண்டாம் சொல் தாய்லாந்து மொழி. இரு நாடுகளும் உரிமை கொண்டாடிய ஆட்டத்துக்கு இருவரும் சேர்ந்து பெயர் சூட்டிக்கொண்டனர்.

இரண்டாவதாக, வளரும் பயிரை முளையிலேயே காணலாம். 2015இல் சிங்கப்பூரில் ஒன்பது தங்கங்களை வென்ற நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங், அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மைக்கேல் பெல்ப்சையே முந்தித் தங்கம் பெற்றார். 2019இல் மணிலாவில் வென்ற பாரந்தூக்கும் வீராங்கனை ஹிடிலின் டியாஸ், பிலிப்பைன்சுக்கு அதன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 2021இல் தோக்கியோவிலிருந்து கொணர்ந்தார்.

மூன்றாவது இன்பமே சிறந்தது. 1963இல் நடத்த இயலாத போட்டியைக் கம்போடியா 60 ஆண்டுகள் கழித்து, 2023 மேயில் நடத்தியது. அவ்வறுபது ஆண்டுகளில் அந்நாடு பட்ட துன்பத்தை உலகறியும். மகளிர் 5,000 மீட்டர் ஓட்டத்தில் வியட்நாமின் நுயென் தி ஒவான் வென்று வெகுநேரமாயிற்று. பெருமழை கொட்டியது. பிறர் அனைவரும் ஓடி முடித்துவிட்டனர். கம்போடியாவின் பூ சம்நாங் என்னும் இளம்பெண் ஒருத்தி மட்டும் நீர் நிறைந்த தடத்தில் தனியளாய் ஓடிக்கொண்டிருந்தாள். இரத்தச்சோகை உடையவள்; நின்றுவிட்டிருந்தால் எவரும் குறை கூறியிரார். 22 நிமிடங்களுக்கு மேல் ஓடி, அழுதுகொண்டே எல்லைக்கோட்டைக் கடந்தாள். அரங்கம் அவளை ஆரவாரித்து வரவேற்றது. உலகெங்கும் அக்காட்சி பரவியது. அவள் பெற்ற இடம் கடைசி இடம்.

முடிவுரை

ஒலிம்பிக் போட்டியில் மனித ஆற்றலின் எல்லையைக் காண்கிறோம், வியக்கிறோம். தென்கிழக்காசியப் போட்டியில் நம்மைப் போன்ற உடலும், நம்முடைய வெயிலும் மழையும், நம் பள்ளிகளில் ஒலிப்பவை போன்ற பெயர்களும் உடையோரைக் காண்கிறோம். நமக்கும் இயலும் என்று நம்புகிறோம். வியப்பினும் நம்பிக்கையே இளைஞர்க்கு இன்றியமையாதது.

2027ஆம் ஆண்டு மலேசியா செய்யத்தக்கவை இரண்டு. தங்கத்தின் எண்ணிக்கைக்காக விளையாட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் அமைக்காதிருத்தல் ஒன்று. அரங்கின் இருக்கைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுதல் மற்றொன்று. திடலே இல்லாத பள்ளியிலிருந்து வரும் சிறுவனும், சுண்ணாம்புக் கோடிட்ட மண்தடத்தில் வெறுங்காலுடன் ஓடும் சிறுமியும் அங்கே அமர்ந்து பார்த்தல் வேண்டும். முதலில் வருபவரை அவர்கள் காண்பர். பெற்றோரும் ஆசிரியரும் பொறுமையோடு உடன் அமர்ந்திருந்தால், கடைசியில் வருபவரையும் கண்டுவிட்டே எழுந்து செல்வர்.