ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள்

போர்க்களம் என்றதும் புறநானூற்றுத் தாயை நினைவுகூர்வது நம் மரபு. மகனைப் போருக்கு அனுப்பிய அத்தாயைப் பாராட்டாத தமிழாசிரியர் இல்லை. ஆயின், தானே துப்பாக்கி ஏந்திப் புறப்பட்ட தமிழ்ப் பெண்ணைப்பற்றி நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்? மாணவ நண்பர்களே, இக்கேள்வியை முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

1943-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தடைந்தார். 9-ஆம் நாள் கூடிய பெருங்கூட்டத்தில், பெண்களுக்கெனத் தனிப்படை வேண்டும் என்றார். 1857-ஆம் ஆண்டுப் போரில் வாளேந்திய ஜான்சி ராணியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1940-இல் சிங்கப்பூர் சென்ற டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். அக்டோபர் 22-ஆம் நாள் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

அதிற் சேர்ந்தவர் யாவர்? கோலாலம்பூர் ஜானகி தேவரைப்போல் வசதியான குடும்பத்துப் பெண்கள் சிலர். பெரும்பாலோரோ மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். வைகறையில் எழுந்து, மரம் சீவி, பால்வாளி சுமந்து, கங்காணியின் அதட்டலுக்கு அஞ்சி வாழ்ந்த குடும்பங்கள் அவை. இந்திய மண்ணைக் கண்ணாற் காணாதவர் அவர்களுட் பலர். காணாத நாட்டுக்காக அவர்கள் ஏன் துணிந்தனர்? நாட்டுப்பற்று ஒரு விடை. மற்றொன்றும் உண்டென்பது என் கருத்து. தோட்டத்தில் தலைகுனிந்து நின்றவர்களை நிமிர்ந்து நிற்கச் சொன்ன இடம் அம்முகாம். அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, நெடுநடை, இந்துஸ்தானிப் பாடம் என நாட்கள் கழிந்தன.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இப்படைக்குத் துணை நின்ற ஜப்பானியரே மலேயாத் தமிழ்த் தொழிலாளரைச் சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசென்று பல்லாயிரவரைப் பலிகொண்டனர். ஒரே தோட்டத்திலிருந்து தமையன் அப்பாதைக்கும் தங்கை அம்முகாமுக்கும் சென்றிருக்கக்கூடும். வரலாறு இத்தகைய முரண்களையும் தாங்கி நிற்பது.

1944-இல் படையின் ஒரு பகுதி பர்மா சென்றது. இம்பால் போர் தோல்வியில் முடிந்தமையால், போர்முனையில் நிற்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. மேமியோ மருத்துவமனையில் காயமுற்ற வீரர்களுக்குப் பணி புரிந்தனர். 1945 ஏப்ரலில் இரங்கூனை விட்டு நேதாஜியுடன் பாங்காக் நோக்கிப் பின்வாங்கினர். விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் மறைந்திருந்து, இரவில் சேற்றிலும் ஆற்றிலும் நடந்தனர். அவர்களை விட்டு நேதாஜி முன்னே செல்ல மறுத்து, உடன் நடந்தார்.

போர்முனை காணாதவரைப் போர்வீரர் என்னலாமா எனச் சிலர் வினவுவர். உயிரைக் கொடுக்க ஒப்பி, சீருடை அணிந்து, தோல்வியிலும் ஒழுங்கு குலையாது நடந்தவரை வேறெப்பெயரால் அழைப்பது?

இலட்சுமி, கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் செய்து 2012-இல் மறைந்தார். ஜானகி, 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றத் துணைநின்று, 2014-இல் மறைந்தார். இவ்விருவர் பெயரையும் வரலாறு அறியும். சீருடையைக் களைந்து மீண்டும் பால்வாளி தூக்கிய மற்றையோரில் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. புறநானூற்றுத் தாயைப் படிக்கும்போது, பெயர் தெரியாத அவர்களையும் நினையுங்கள்.