பிறையும் துளையும்

‘கேமரா’ என்பது ‘கும்ரா’ என்னும் அறபுச் சொல்லின் திரிபு. ஆகவே நிழற்படக் கருவி முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு என நம் மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். அறபு மொழியைக் கற்பிக்கும் நாம் இதனை ஏற்பதற்கில்லை. வளைந்த கூரையுடைய அறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இலத்தீன் வழியாக அவ்வாறு வந்தது. இப்னுல் ஹைதம் இருட்டறையை ‘அல்பைத்துல் முழ்லிம்’ என்றே குறித்தார். சிறு துளை வழியே உருவம் விழுவதைச் சீனரும் கிரேக்கரும் அவருக்கு முன்பே அறிந்திருந்தனர்.

அவ்வாறாயின் அவருடைய பெருமை யாது? ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்து, 1040ஐ ஒட்டிக் கெய்ரோவில் மறைந்த அம்மேதை, ‘மகாலா ஃபீ ஸூரத்தில் குஸூஃப்’ என்னும் சிறு நூலில் ஒரு வினாவை எழுப்பினார். பகுதிச் சூரிய கிரகணத்தின்போது சிறு வட்டத்துளை வழியே புகும் ஒளி, எதிர்ச்சுவரில் பிறையாக விழுகிறது. வானத்துப் பிறையின் ஒளியோ வட்டமாகவே தோன்றுகிறது. இது ஏன்?

ஒளிரும் பொருளின் ஒவ்வொரு புள்ளியும் துளையின் வடிவிலேயே ஓர் ஒளித்திட்டை வீழ்த்துகிறது. துளை சிறுத்தால் திட்டுகள் சிறுத்துப் பொருளின் வடிவம் துலங்கும்; பெருத்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து துளையின் வடிவமே மிஞ்சும். இதனை அவர் வடிவகணிதத்தால் நிறுவினார். நிலவொளி மெலிந்தது, துளையைச் சுருக்கினால் கண்ணுக்குப் புலப்படாது, விரித்தால் பிறை குலையும்.

ஒளிக்கும் தெளிவுக்கும் இடையிலான இம்முரணைத் தீர்க்க, வில்லையும் ஒளியுணர் தகடும் வர வேண்டியிருந்தது. 1840இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் வெள்ளித் தகட்டில் நிலவைப் பதிக்கச் சுமார் 20 நிமிடங்கள் ஆயின. 1851இல் ஹார்வர்டின் 15 அங்குலத் தொலைநோக்கி வழியே விப்பிள் எடுத்த படம் இலண்டன் கண்காட்சியில் பரிசு பெற்றது.

இன்றைய டிஎஸ்எல்ஆர் கேமராவிலும் அதே கணக்குத்தான். முழுநிலவு, வெயில் படும் பாறைநிலம். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 11 எனில் நொடியில் 125இல் ஒரு பங்கு போதும். முக்காலி அவசியம். பள்ளங்களின் நிழல் நீளும் அரைநிலா நாளே தெளிவுக்கு ஏற்றது.

சந்திரனின் கிழக்கு விளிம்பருகே ‘அல்ஹஸன்’ என அவர் பெயர் தாங்கிய பள்ளம் ஒன்றுண்டு. அதனைப் படம்பிடிக்க முயலும் நம் மாணவர், இல்லாத சொற்பிறப்பை விடுத்து, அவர் எழுப்பிய வினாவையும் அதற்கு விடை கண்ட முறையையும் கற்பாராக.